கத்திரி வெயிலில் ஹீட்டர் போட்ட நாள்

எதைச் செய்தாலும் படைத்தவன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பது என் வழக்கம். பேனா பிடிக்கிற வழக்கம்தான் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் மருமகனுடைய டாக்ஸியைத் தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் விட்டிருந்தோம். எடுக்கப் போனபோது அங்கிருந்த மெக்கானிக் சொன்னார்: "பாய், தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டேன். நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?"

எனக்குத் திக்கென்றது. இதே வார்த்தையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதே வாரத்தில் எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "ஆண்டு மலருக்கு உங்க அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க பாய்" என்றார்கள். எதை எழுதுவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சாமானைக் கழற்றினால் இன்ஜின் கொதிக்குமா, கொதிக்காதா என்று என்னைக் கேட்டால் இரண்டும் சரி என்றுதான் சொல்வேன். அந்தக் குழப்பத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்ட கதை நீளமில்லை. அத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருக்கு முதுகு போனதும் என்னை ஒரு லாரி ஷெட்டில் சேர்த்தார்கள். யுத்த காலத்தில் பட்டாளத்து வண்டிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. எண்ணெயிலும் கரியிலும் மூன்று வருஷம் ஓடியது. அப்புறம் ராயபுரத்தில் வெள்ளைக்காரர்களின் கார்களைப் பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். நடந்தது எல்லாம் அங்கேதான்.

எங்கள் ஃபோர்மன் பெரைரா. ஆங்கிலோ இந்தியர். எங்களைவிட நன்றாக ராயபுரத்துத் தமிழ் பேசுவார். எப்போதும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும், அதில் ஒரு கறையை நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். கொதிக்கிற வண்டி வந்தால் ஸ்பானரை எடுக்க விடமாட்டார். முதலில் கை. உள்ளங்கை இல்லை, புறங்கை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட வேண்டும், கீழ் ஹோஸைத் தொட வேண்டும், ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று சுவரில் தொங்குகிற சிலேட்டில் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு.

"கை சொல்றத மொதல்ல சொல்லு மேன். வாய் சொல்றத அப்பால கேக்குறேன்" என்பார்.

இந்த இடத்தில் இன்ஜின் எப்படி ஆறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி உண்டு. பம்பு அதைத் தள்ளும். சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறும். கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்கே போகும். மேல் ஹோஸ் தொடங்குகிற வாயில் உட்கார்ந்திருப்பதுதான் தெர்மோஸ்டாட் என்கிற பித்தளை வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், சூடானால் திறக்கும். குளிர் தேசத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டுமாம், அதற்காக வைத்தது. நம் ஊரில் குழாயைத் திறந்தாலே தண்ணீர் சுடுகிறது. அதனால் கப்பலிலிருந்து வண்டி இறங்கி எங்களிடம் வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது. பெரைராதான் அப்படிச் சொல்லிக்கொடுத்தார். கழற்றியதை ஒரு பிஸ்கட் டின்னில் போடுவோம். டின் நிறைந்தால் பழைய பித்தளைக்காரன் எடுத்துக்கொள்வான். எத்தனையோ வண்டிகளில் கழற்றினோம், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கப்பல் கம்பெனித் துரை ஒருவர் புதிதாக ஒரு வண்டி இறக்கினார். சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணி, அதையும் மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். மூக்கு நீளமாகத் தரையோடு ஓடுகிற மாதிரி இருக்கும். எங்கள் ஷெட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

அதில் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நான் ரேடியோ என்று நினைத்தேன். அதற்கு இன்ஜினிலிருந்து இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் வந்தன. ரேடியோவுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன்.

பெரைரா சிரித்தார். "அது ஹீட்டர் மேன். உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் கீது, அதுக்குப் பின்னால ஒரு குட்டி ஃபேன் கீது. பெரிய ரேடியேட்டர் சூட்ட ரோட்டுக்குக் குடுக்குது, இது துரையோட காலுக்குக் குடுக்குது. அவ்ளோதான்."

பக்கத்தில் நின்ற கன்னியப்பன், "நம்மளுக்கு வானத்துலேந்து சும்மா வர்றத இவனுங்க காசு குடுத்து வாங்கிகினு வர்றானுங்களே நைனா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

கன்னியப்பன் எங்கள் ரேடியேட்டர்காரன். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, கடலுக்குப் போக மனமில்லாமல் பற்றவைப்பு வேலைக்கு வந்தவன். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் துலக்கி, திரும்பப் பற்றவைப்பான். நல்ல கை. ஆனால் முந்தின வருஷம் ஒரு லாரி ரேடியேட்டருக்குள் கந்தல் துணி ஒன்றை மறந்து வைத்து மூடிவிட்டான். லாரி நடுவழியில் நின்றது. அன்றிலிருந்து அவனுக்கு 'கந்தல்' என்றே பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

துரை தம் மனைவியோடு உதகமண்டலம் போகப் போகிறார், அந்த அம்மாவுக்கு மார்புச் சளி, மலைக் குளிர் ஆகாது, அதனால் ஹீட்டர் நன்றாக இருக்க வேண்டும் என்று வண்டியைச் சர்வீஸுக்கு விட்டார்கள். பெரைரா என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார்: "ஹமீத், இந்த வண்டியில தெர்மோஸ்டாட்டக் கழட்டாத. மலைக்குப் போற வண்டி. இருக்கற மாரியே இருக்கட்டும்."

"சரி சார்" என்றேன்.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மறுநாள் காலையில் ரேடியேட்டரை இறக்கிக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு, ஹோஸை மாற்றுகிறபோது, என் கை தன் பாட்டுக்குத் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றியது. வால்வை எடுத்தது. டின்னில் போட்டது. கிண்ணென்று சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு ஃபோர்மன் சொன்னது நினைவு வந்தது. எடுத்து மறுபடி வைத்திருக்கலாம். தண்ணீர் கசியாமலிருக்க மூடியின் அடியில் வைக்கிற காகிதம் கிழிந்திருந்தது, புதிதாக வெட்ட வேண்டும். எடுத்தால் குளிர்ச்சிதானே, கெடுதலா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடிவிட்டேன்.

அந்த வருஷம் நோன்பு கத்திரியில் வந்திருந்தது. நோன்பு வைத்தவனுக்குச் சோம்பல் வரும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் துரை வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் ஒரு ஓட்டம் போனார். திருவொற்றியூர் தாண்டியதும் ஆவி அடித்து நின்றுவிட்டது. ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களாம்.

மேனேஜர் வெளியே வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. "ரேடியேட்டர் யார் செஞ்சது? கந்தலா?" என்றார்.

கன்னியப்பன் அன்றைக்கே ரேடியேட்டரை இறக்கி, தொட்டியைத் திறந்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டான். தண்ணீர் ஊற்றினால் சல்லடை மாதிரி கொட்டியது. திரும்பப் பற்றவைத்து மாட்டினோம். வண்டி மறுபடியும் கொதித்தது. மேனேஜர், சனிக்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் அவன் அதோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அன்று புதன்கிழமை. அவனுக்கு மூன்று குழந்தைகள், நாலாவது வரப்போகிறது.

"இன்னா பாய், நீயும் அவுங்களாட்டமே என்ன பாக்கற?" என்றான் என்னிடம். "இந்தத் தபா நான் துணியே தொடல. எங்க ஆத்தா மேல சத்தியம்."

"நான் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றேன்.

"சொல்லலன்னாதான் பேஜாரு. சொன்னா நான் எதுனா சொல்லுவேன்ல?"

உண்மையில் நானும் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். நான் எடுத்தது ஒரு அடைப்பை. அடைப்பை எடுத்த இடத்தில் எப்படி அடைப்பு வரும்? அப்படியென்றால் கோளாறு அவன் பக்கத்தில்தான். இப்படித்தான் என் புத்தி ஓடியது.

வியாழக்கிழமை மதியம் பெரைரா, "வா மேன், ஒரு ஓட்டம் போய்ட்டு வரலாம்" என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். கூரையை மடித்திருந்தோம். தண்டையார்பேட்டை தாண்டும்போதே சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. திருவொற்றியூர்க் கோயில் பக்கம் வரும்போது சிவப்புக்குக் கிட்டே வந்துவிட்டது. நிறுத்துவார் என்று பார்த்தேன்.

"ஹீட்டரத் திற" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"திற மேன். ஃபேனையும் போடு."

திருகைத் திறந்து ஃபேனைப் போட்டேன். மேலே கத்திரி வெயில். கீழே காலில் அடுப்பு ஊதுகிற மாதிரி காற்று. பதினோரு மணி நேரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. என் செருப்பின் தோல் சுட்டது. இது இன்னா மனுஷன், இன்ஜின் கொதிக்கிறது போதாதென்று என்னையும் கொதிக்க வைக்கிறாரே என்று நினைத்தேன். அப்போது பார்த்தால் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே பாதிக்கு வந்து நின்றது.

"சார், இது எப்படி சார்? சூட்டப் போட்டா சூடு கொறையுது?"

"இன்ஜின்லேந்து சூடு எங்கனா போயாவணும் மேன். ரோட்டுக்குப் போவலன்னா உன் காலுக்கு வரட்டும். ரெண்டு ரேடியேட்டர்ல ஒண்ணு வேலை செய்யல, இன்னொண்ணு செய்யுது. அதத்தான் பாத்தோம்."

ஹீட்டரை மூடச் சொன்னார். முள் மறுபடி ஏறியது. திறக்கச் சொன்னார். இறங்கியது. எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் இப்படியே மூடுவதும் திறப்பதுமாகப் போனோம். அவர் காலடியில் தண்ணீர் பிளாஸ்க் இருந்தது. போகவர அவர் அதைத் தொடவில்லை. எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

கழிமுகத்துக் கரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பானெட் மூடியைத் திறந்தார். "தொடு" என்றார்.

மேல் ஹோஸ் கொதித்தது. கீழ் ஹோஸ் வெதுவெதுப்புக்கூட இல்லை. சொன்னேன்.

"அப்ப தண்ணி உள்ள எறங்கல" என்றார். "கன்னியப்பன் கத முடிஞ்சிது போல."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. நிம்மதிதான் தோன்றியது.

அவர் மூடியைச் சாத்தப் போனார், ஆனால் சாத்தவில்லை. அந்த வண்டியில் தெர்மோஸ்டாட் உட்காருகிற இடத்திலிருந்து நேரே பம்புக்கு ஒரு குட்டை ரப்பர் குழாய் இருந்தது, ஒரு சாண்கூட இல்லை. மற்ற வண்டிகளில் நான் பார்க்காதது. அதன் மேல் புறங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இது ஏன் இப்டி கொதிக்குது?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "தெர்மோஸ்டாட் உள்ள கீதுல்ல?"

காற்று அடித்துக்கொண்டிருந்தது. உப்பளத்துப் பக்கம் யாரோ பாடிக்கொண்டு போனார்கள். நான் நோன்பு வைத்த வாயால் சொன்னேன்:

"இருக்கு சார்."

"சரி" என்று மூடியைச் சாத்தினார். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "அப்ப ரேடியேட்டர்தான். நாளான்னிக்கு மேனேஜர் கிட்ட நானே சொல்லணும். கஷ்டம்."

அன்று மாலை பள்ளிவாசலில் நோன்பு திறந்தபோது, பொய் சொன்னால் நோன்பு முறிந்துவிடுமா, முறியாதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் என்ன பொய் என்பார்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் எடுத்தது வெறும் அடைப்புத்தான் என்று என் கண்ணால் பார்த்துவிட்டால், என் பொய்யால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பொய் பொய்தான், அதை இறைவனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் கன்னியப்பன் விஷயத்தில் என் கை சுத்தம். இதற்காகத்தான் போனேன். இதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டின்னைத் துழாவினேன். மற்ற வால்வுகள் தட்டையாக ஒரு ரூபாய் அகலத்தில் இருக்கும். சிவப்பு வண்டியினுடையது மட்டும் இடுப்பில் பாவாடை கட்டின மாதிரி, சுற்றி ஒரு பித்தளை வளையத்தோடு இருந்தது. கழற்றியபோது அதை நான் கவனிக்கவே இல்லை. வெந்நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஷெட்டில் அடுப்பு உண்டு, ஆனால் அங்கே போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் தெருமுனையில் முனுசாமியின் டீக்கடைக்குப் போனேன். நோன்பு மாதம் என்பதால் கடை வாசலில் சாக்குப் படுதா கட்டியிருந்தது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

முனுசாமி என் தாடியையும் தொப்பியையும் பார்த்தார். "இன்னா பாய், நோன்பு நாள்ல இந்தப் பக்கம்? ஒடம்புக்கு முடியலியா?"

"ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணி குடுங்க. குடிக்கிறதுக்கு இல்ல."

"குடிக்கலன்னா அப்பறம் எதுக்கு, மொகம் பாக்கவா?"

வால்வை நூலில் கட்டி டம்ளரில் இறக்கினேன். அவரும் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால்வின் வாய் மெல்லத் திறந்தது. அதோடு சேர்ந்து அந்தப் பாவாடையும் மேலே ஏறியது. வெளியே எடுத்தால் இறங்கியது. மறுபடி போட்டால் ஏறியது.

"உள்ள எதுனா உசுரு கீதா பாய்?" என்றார் முனுசாமி.

பாவாடை ஏறி நிற்கிற உயரத்தில்தான் வண்டியில் அந்தக் குட்டைக் குழாயின் துளை இருந்தது. இன்ஜின் சூடானதும் இது ஒரு கதவைத் திறந்து, இன்னொரு கதவை மூடுகிறது. நான் இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டேன். தண்ணீருக்கு இரண்டு வழியும் திறந்து கிடந்தால் அது எந்த வழியாகப் போகும்? கிட்டத்து வழியாகத்தான். ரேடியேட்டர் வரைக்கும் போகாமல் குட்டைக் குழாயில் புகுந்து, சூட்டோடு சூடாக இன்ஜினுக்கே திரும்பியிருக்கிறது. எடுத்ததால் வந்த அடைப்பு. மற்ற வண்டிகளில் அந்தக் குட்டைக் குழாயும் இல்லை, பாவாடையும் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை.

படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே எங்கள் தெரு அத்தர் கடை சுல்தான் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். ஸலாம் சொல்லாமல் போய்விட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஜும்ஆத் தொழுகையில், ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது ஒன்றுதான் மனதில் வந்தது. வால்வை யாருக்கும் தெரியாமல் திரும்ப மாட்டிவிட்டால் வண்டி சரியாகிவிடும். ஆனால் ஃபோர்மனுடைய கணக்கில் கோளாறு ரேடியேட்டர்தான். வண்டி சரியானாலும் கன்னியப்பன் கெடுத்து வேறு யாரோ சரி செய்ததாகத்தான் ஆகும். அவன் போவது போவதுதான். வாயைத் திறக்காமல் அவனைக் காப்பாற்ற வழியே இல்லை.

தொழுதுவிட்டு நேரே பெரைராவிடம் போனேன். வால்வை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், நேத்து இருக்குன்னு சொன்னேன். இல்ல சார். நான்தான் எடுத்தேன். சர்வீஸ் அன்னிக்கே எடுத்துட்டேன்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தார். முதல் தடவையாக அந்தத் துண்டில் கறை பட்டது.

"நான் எடுக்காதன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். கை எடுத்துடுச்சி."

"அது கை தப்பு. இருக்குன்னு சொன்னது?"

அவர் எழுந்து மேனேஜரை வண்டிக்கு அருகே கூட்டி வந்தார். கன்னியப்பனையும் கூப்பிட்டார். இன்ஜினை ஓடவிட்டு முள் மேலே ஏறும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு பெரிய குறட்டின் வாயில் துணியைச் சுற்றி, அந்தக் குட்டைக் குழாயை நசுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. "இப்ப கீழ் ஹோஸத் தொட்டுப் பாருங்க" என்றார் மேனேஜரிடம். தொட்ட மேனேஜர் கையை உதறினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஓடியது, ஒவ்வொரு குழாயிலும்.

"ரேடியேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார் பெரைரா. "தெர்மோஸ்டாட்ட எடுத்ததால வந்தது. எடுத்தவன் ஹமீத். வண்டி வந்தா எடுன்னு பத்து வருஷமா சொல்லிக் குடுத்தவன் நான். பத்து வருஷம் எடுன்னுட்டு ஒரு நாள் எடுக்காதன்னா கை கேக்குமா? எழுதறதுன்னா ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கோங்க."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெரைராவுக்கு என்ன வந்தது என்று தெரியாது. ஆனால் அதன் பிறகு வந்த வண்டிகளைப் பற்றி மேனேஜர் அவரைத் தாண்டி நேரே எங்களிடம் பேசத் தொடங்கினார். அடுத்த வருஷமே பெரைரா குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கப்பலேறிவிட்டார். இதனால்தானா, ஆங்கிலோ இந்தியர்கள் எல்லோரும் அப்போது போய்க்கொண்டிருந்ததாலா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் சொன்ன பொய்யைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதை மன்னித்தாரா, மறந்தாரா என்றும் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வால்வைத் திரும்ப மாட்டினேன், புதுக் காகிதம் வெட்டி வைத்து. துரை மலைக்குப் போய்த் திரும்பி, ஹீட்டர் அருமை என்றாராம்.

கன்னியப்பன் அன்று எனக்கு நன்றி சொல்லவில்லை. "மூணு நாளா என்னத் திருடன மாரி பாத்தியே பாய்" என்றான். அவ்வளவுதான். அது சரியும்தான்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி முகம் சரியில்லை. "ஏங்க, தெருவுல ஒரு பேச்சு வருது. நீங்க நேத்து டீக்கடைப் படுதாக்குள்ளேந்து வந்தீங்களாமே, ஜும்ஆவுக்கு முன்னாடி?"

"போனேன். குடிக்கல."

"அப்ப எதுக்குப் போனீங்க?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். தெரு நம்புமா? அன்று மாலை பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி மெதுவாகக் கேட்டார், "ஹமீது, குடிச்சிருந்தா சொல்லிடு. அல்லாஹ் மன்னிக்கிறவன்." நான் "குடிக்கல" என்று மட்டும் சொன்னேன். நோன்போடு பொய் சொன்னேன் என்று அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? செய்யாத தப்புக்குத் தலை குனிந்தேன், செய்த தப்பை மறைப்பதற்காக. கன்னியப்பனுக்கு மூன்று நாள் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிவாசல் வாசலில் ஒரு சத்தம். கன்னியப்பன் வந்து நின்றான். குளித்துத் தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முனுசாமி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"பெரியவங்க மன்னிக்கணும்" என்றான் முத்தவல்லியிடம். "எங்க பாய் டீ குடிச்சாருன்னு ஒரு பேச்சு கீதாம். குடிக்கல. முனுசாமி கடையில ஒரு பித்தளை சாமான வேக வெச்சிப் பாத்தாரு. அவ்ளோதான். முனுசாமியே சாட்சி, வேணும்னா இட்டாரேன். என் வேலை போவப் போச்சி. எனக்கோசரம்தான் பாய் அங்க போனாரு. நோன்பு நாள்ல, அவரு பேரு கெட்டாலும் பரவால்லன்னு எனக்கோசரம் போனாரு."

சபையில் ஒரு முணுமுணுப்பு. சுல்தான் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முத்தவல்லி கன்னியப்பனை உட்காரச் சொல்லி, ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொடுக்கச் சொன்னார். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாங்கு சொல்லும்வரை அவனும் குடிக்காமல் காத்திருந்தான். "நல்லா கீது பாய்" என்றான் குடித்துவிட்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்ததும், அந்த வியாழக்கிழமைக்காக ஒரு நோன்பைத் திரும்ப வைத்தேன். பொய்யால் நோன்பு முறியாது, நன்மைதான் குறையும், திரும்ப வைக்கத் தேவையில்லை என்றார் பள்ளிவாசல் ஹஸ்ரத். தேவையில்லை என்றாலும் வைத்தேன். வைத்தும் மனது ஆறவில்லை.

கன்னியப்பன் இருபது வருஷம் என்னோடு வேலை செய்தான். அவன் பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் என்னைக் காட்டி, "இவருதான் எனக்கோசரம்..." என்று அந்தக் கதையை மறுபடியும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது அவன் இல்லை.

டீக்கடைக்கு நான் போனது அவனுக்காக இல்லை. என் மேல் தப்பில்லை, அவன் மேல்தான் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளப் போனேன். வெந்நீரில் அந்தப் பாவாடை ஏறாமல் இருந்திருந்தால், சனிக்கிழமை அவன் பற்றவைப்புச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவதை நான் நின்று பார்த்திருப்பேன். இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் பிள்ளைகளில் யாராவது இந்த மலரை வாசித்தால், உங்கள் அப்பா சொன்ன கதையில் அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அவர் சொன்னபடிதான்.